முற்றத்தில் கொஞ்சம் மண்ணை விட்டுவையுங்கள்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறையின் மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும், மாவட்டங்களில் உள்ள திட்ட அலுவலர்களுக்கும், அங்கன்வாடிக் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 32 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்றைக்கும் நான் 'பால்வாடி டீச்சர்'தான். என்னிடம் சத்துமாவு உருண்டை வாங்கித் தின்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளையும் என்னிடமே கொண்டுவந்து விட்டார்கள். வேலையில் இருந்தவரை நான் மேலிடத்துக்கு எழுதியதெல்லாம் விடுப்புக் கடிதமும் கேஸ் சிலிண்டர் கணக்கும்தான். இனி விடுப்பு கேட்க வேண்டியதில்லை என்பதால் கொஞ்சம் மனம்விட்டு எழுதுகிறேன்.

விஷயம் சின்னது. புதிதாகக் கட்டும் அங்கன்வாடிகளிலும் பழுது பார்க்கும் அங்கன்வாடிகளிலும் முற்றம் முழுவதையும் பேவர் பிளாக் கல் போட்டு மூடுகிறார்கள். அப்படி மூட வேண்டாம். பாதி முற்றத்தையாவது மண்ணாகவே விட்டுவையுங்கள். நிற்கிற மரத்தை வெட்டாதீர்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

எங்கள் மையத்து வாசலில் ஒரு பூவரசு இருந்தது. நான் சேர்ந்தபோதே பெரிய மரம். காலையில் பாய் விரிப்பது அதன் அடியில்தான். உள்ளே போவது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும், மழைக்கும் மட்டும். பூவரச இலையில் பீப்பி செய்வது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். காம்பைக் கிள்ளிவிட்டு, இலையின் ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கி ஊதினால் சத்தம் வரும். சொல்வதற்கு ஒரு வரி. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது நான்கைந்து மாத வேலை. ஜூனில் சேர்கிற பிள்ளைக்கு இலை சுருளவே சுருளாது, கசங்கும், கிழியும். ஆவணியில் சுருளும், ஆனால் கையை விட்டதும் பிரிந்துவிடும். ஐப்பசி வாக்கில் ஒருநாள் திடீரென்று 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஊதிய பிள்ளையே பயந்துபோய் இலையைக் கீழே போட்டுவிடும். அப்புறம் அன்றைக்கு முழுவதும் நமக்குக் காது இருக்காது.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொருளைப் பிடித்து உருட்டும் அந்தப் பழக்கம்தான் பின்னால் பென்சில் பிடிக்க உதவுகிறது என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். அதற்காகவே மணி கோக்கும் பொருளும் தந்தீர்கள். நல்லதுதான். மணி தீர்ந்தால் அடுத்த ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டும். இலை தினமும் தானாக விழுந்தது.

2018-ல் மையத்துக்குப் புதுக் கட்டடம் வந்தது. பழைய ஓட்டுக் கட்டடம் ஒழுகியது. புதியது வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அதனால் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, யார் சொல்லி எது நடந்தது என்றும் எழுதப் போவதில்லை. மரம் வரைபடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை வெட்டினார்கள். திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து அடிமரத்தைச் சுற்றி நின்றார்கள். வட்ட வட்டமாகத் தெரிந்த கோடுகளை ஒரு பையன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், மரத்துக்குள்ள யாரு கோலம் போட்டது?" என்று கேட்டான். நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

பிறகு அடிமரமும் போனது. கல் பதித்தார்கள். உள்ளே டைல்ஸ், வெளியே சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் பிளாக். கடைசியாக ஓவியர் ஒருவர் வந்து சுவரில் படம் வரைந்தார். நன்றாகவே வரைந்தார். மரம் நின்ற இடத்துக்கு நேராக, சுவரில் ஒரு மரம், கிளையில் ஒரு அணில். திறப்பு விழாவில் அதன் முன்னால் நின்றுதான் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். நானும் நின்றேன்.

புதுக் கட்டடத்தால் கிடைத்த நன்மைகளை மறைக்க மாட்டேன். கழிப்பறை வந்தது, மழையில் அரிசி நனையவில்லை, பாம்பு பயம் குறைந்தது. ஆனால் மாசி முடிந்ததும் தெரிந்தது. பதினோரு மணிக்கே அந்தக் கல்லில் கால் வைக்க முடியவில்லை. பிள்ளைகள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. மரம் இருந்தபோது உச்சி வெயிலிலும் வெளியே இருந்த பிள்ளைகள், காலை பத்தரைக்கே உள்ளே வந்துவிட்டார்கள். உள்ளே இருபது பிள்ளைகள், ஒரு அறை, ஒரு மின்விசிறி. இருபது பிள்ளைகளை ஒரு அறைக்குள் வைத்திருக்க உலகத்தில் ஒரே வழிதான் உண்டு: உட்கார், கைகட்டு, சொல்வதைத் திரும்பச் சொல். நான் அதுவரை அப்படி நடத்தியதில்லை. அந்த வருடம் நடத்தினேன்.

'அங்கன்வாடி' என்ற சொல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'அங்கன்' என்றால் முற்றம். 1945-ல் கல்வியாளர் தாராபாய் மோடக் மகாராஷ்டிரக் கடற்கரை ஊரான போர்டியில் கிராமத்துப் பிள்ளைகளுக்கான வேலையைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருடன் சேர்ந்தார். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளைகளிடம் போகட்டும் என்று வீட்டு முற்றங்களில் வகுப்பு நடத்தினார்கள். பின்னால் கோஸ்பாட் குன்றில் பழங்குடிப் பிள்ளைகளோடு வேலை செய்தபோது, அவர்கள் மாடு மேய்க்கப் போய்விடுகிறார்கள் என்று தெரிந்ததும் மேய்ச்சல் நிலத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். கல், இலை, விதை, கிளிஞ்சல் என்று அங்கே கிடைத்ததுதான் பாடப்பொருள். ஒன்றிய அரசு 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, மையத்துக்கு வாய்த்தது அந்தப் பெயர்தான். இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். பெயர்ப்பலகையில் முற்றம் இருக்கிறது. வாசலில் பேவர் பிளாக் இருக்கிறது.

எல்.கே.ஜி.யின் கதையும் இதேதான். 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது எங்கள் பக்கத்துப் பெற்றோர்களுக்கு ஒரே சந்தோஷம். அந்த மூன்று எழுத்தில் கடைசி எழுத்து என்னவென்று அவர்களிடம் நான் கேட்பதுண்டு. 'ஜி' என்பது கார்டன், தோட்டம். ஜெர்மனியில் ஃபிரடெரிக் ஃபுரோபெல் 1840-ல் வைத்த பெயர் 'கிண்டர்கார்டன்'. அவருடைய பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி இருந்தது. நம்மூரில் வேனில் ஏறி, டை கட்டி, மாடிக் கட்டடத்துக்குப் போகிற எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொந்தமாக இருப்பது ஒரு தண்ணீர் பாட்டில்.

சின்னப் பிள்ளைகளுக்கென்று புதிய கல்விமுறை தந்த மாண்டிசோரி அம்மையாரையும் விட முடியாது, ஏனென்றால் அவர் நம் மண்ணில் இருந்தவர். 1939-ல் சென்னை வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அடுத்த ஆண்டு போர் காரணமாக, இத்தாலிக்காரர் என்பதால் அவர் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்தக் காலத்தில் சில வருடம் கொடைக்கானலில் தங்கி ஒரு சிறு பள்ளி நடத்தினார். செடி, கொடி, பூச்சி என்று கண்ணில் படுவதைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்துப் பார்த்து, இயற்கை பற்றிய பாடமுறையை அவர் விரித்தெடுத்தது அங்கேதான். இன்று ஊருக்கு ஊர் 'மாண்டிசோரி' பலகை தொங்குகிறது. அந்தக் கொடைக்கானல் பகுதியை மட்டும் யாரோ பாதி வழியில் இறக்கிவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

வெளிநாட்டில் காட்டுக்குள்ளேயே பாலர் பள்ளி நடத்துகிறார்கள். டென்மார்க்கில் 1950-களில் எல்லா ஃப்ளாட்டாவ் என்ற பெண்மணி தொடங்கியது. ஜெர்மனியில் இப்போது ஆயிரத்துக்கும் மேல். கேட்க நன்றாக இருக்கிறது. நான் காடு கேட்கவில்லை. 2013-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட முன்பருவக் கல்விக்கான தர வரையறையே 30 பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறையும், வெளியே குறைந்தது 30 சதுர மீட்டர் இடமும் வேண்டும் என்கிறது. பிள்ளைக்கு ஒரு சதுர மீட்டர். அந்த ஒரு சதுர மீட்டர் மண்ணா, சிமெண்டா என்பதுதான் என் கேள்வி.

மண்ணில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மேற்பார்வையாளரும் கேட்டிருக்கிறார். பழைய கட்டடத்தின் தாழ்வாரத்து ஓரம், மழை படாத பொடிமண்ணில் சின்னச் சின்னப் புனல் மாதிரிக் குழிகள் இருக்கும். குழியானை, குழிக்குள் ஒளிந்திருந்து எறும்பு பிடிக்கும் பூச்சி. அன்றைக்கு நாலு பையன்களும் ஒரு பெண்ணும் குப்புறப் படுத்து, ஒரு குழிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்திருந்தார்கள். எறும்பு ஒன்று விளிம்பில் நடக்கிறது. சறுக்குகிறது. ஏறுகிறது. கீழேயிருந்து மண் தெறிக்கிறது. மறுபடியும் சறுக்குகிறது. ஐந்து பேரும் மூச்சு விடவில்லை. கிட்டத்தட்ட அரை மணி நேரம். அந்த வயதில் அரை மணி நேரம் ஒரு பிள்ளையை ஒரே விஷயத்தில் கவனமாக வைத்திருக்கும் அட்டையையோ படத்தையோ நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு வந்தவர், "என்னம்மா, பாடம் நடக்கலையா? பிள்ளைங்க தரையில கெடக்குதுங்க?" என்றார். பதறி எழுந்து எல்லோரையும் உள்ளே கூட்டிப்போய் "நிலா நிலா ஓடி வா" பாடவைத்தேன். அன்றைய பதிவேட்டில் 'அறிவு வளர்ச்சிச் செயல்பாடு: அரை மணி நேரம்' என்று எழுதினேன். பொய்யில்லை.

மறுநாள் அந்தப் பெண் கேட்டாள்: "எறும்பு பாவமா, குழியானை பாவமா?" அன்று வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. குழியானைக்கும் பசிக்கும்ல என்று ஒரு கட்சி. பேசவே பேசாமல் இருந்த பையன் ஒருவன், எறும்புக்கு ஒரு குச்சி வைத்தால் ஏறி வந்துவிடும் என்று குச்சியோடு வந்தான். இதற்கு மொழி வளர்ச்சியில் எத்தனை மதிப்பெண் என்று எனக்குத் தெரியாது.

கணக்கும் அப்படித்தான். ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம், எண்ணும்போது எப்போதும் ஐந்துக்கு அப்புறம் ஏழு சொல்லுவாள். ஆறு என்ற ஒன்று அவளுக்கு இல்லவே இல்லை. நானும் திருத்தித் திருத்திப் பார்த்தேன். ஒருநாள் புளியங்கொட்டையைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் தன் பங்கை எண்ணி "ஏழு" என்றாள். எதிரே இருந்தவன் தன் கொட்டைகளைப் பக்கத்தில் வரிசையாக வைத்துப் பார்த்து, "ஒனக்கு ஒண்ணு கம்மி, ஏழு பொய்" என்றான். சண்டை. அழுகை. ஆனால் அன்று மதியம் அவள் ஆறைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு கொட்டை குறைந்தபோதுதான் அவளுக்கு அந்த எண் தேவைப்பட்டது.

புளியங்கொட்டை பற்றிச் சொன்னதால் இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்னொரு வருடம் ஒரு பையன் புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டான். சைக்கிளில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். நர்ஸம்மா எடுத்துவிட்டார். அந்த அரை மணி நேரம் என் உயிர் என்னிடம் இல்லை. அதற்கு அப்புறம் மூன்று வயதுக்காரர்களுக்குக் கொட்டாங்குச்சியும் பனங்கொட்டையும் மட்டும்தான், மூக்குக்குள் போகாத அளவில். புளியங்கொட்டை நாலரை வயதுக்கு மேல்.

மண் என்றாலே ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. கிராமத்தில் வேலை பார்த்தவள், எனக்குத் தெரியும். குன்றிமணியும் அரளியும் ஊமத்தையும் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் இருக்கவே கூடாது. அழகாக இருக்கிறது என்று எத்தனை மையங்களின் வேலியோரம் அரளி நட்டிருக்கிறார்கள் தெரியுமா? காலையில் பிள்ளைகள் வரும் முன் ஆயா ஒரு கம்பால் தட்டிக்கொண்டே முற்றத்தை ஒரு சுற்று வருவார். மணல் கொட்டிய இடத்தை மாலையில் தார்ப்பாய் போட்டு மூடுவோம், இல்லாவிட்டால் நாயும் பூனையும் அசிங்கம் செய்துவிடும். கொக்கிப்புழு வெறுங்காலில் ஏறும், அதனால் வேலி இல்லாத முற்றத்தில் செருப்போடுதான் விளையாட்டு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு மாத்திரையை ஒரு பிள்ளைகூட விட்டதில்லை. மூடாத கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் எந்த மண்ணைவிடவும் ஆபத்தானவை. அதைச் சரிசெய்யச் சிமெண்ட் போடுங்கள், கைகூப்பி வரவேற்கிறேன்.

மண்ணில் விளையாடினால் நோய் வரும் என்று தாய்மார் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பதில் தெரியாமல் இருந்தது. பிறகு என் மகள் ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள். பின்லாந்தில் பத்து பகல்நேரக் காப்பகங்களில், மூன்று முதல் ஐந்து வயது வரையான 75 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு, 2020-ல் வெளிவந்தது. சில காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டுத் தரைமண்ணையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பி, பிள்ளைகளை 28 நாள் அதில் புழங்கவிட்டிருக்கிறார்கள். தோலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களின் வகை கூடியிருக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி சீராக இயங்குவதற்கான அடையாளங்கள் ரத்தத்தில் தெரிந்திருக்கின்றன. அவர்கள் கொட்டியது காட்டு மண். நாம் குப்பைமேட்டு மண்ணைக் கொட்டிவிட்டு இந்த ஆய்வைக் காட்டக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர் கோபம் வேறு விதம். நெற்றியில் மண்ணோடு வந்த மகனைப் பார்த்த ஒரு அப்பா என்னிடம் கேட்டார்: "டீச்சர், இவன் மண்ணுல விளையாடவா இங்க வர்றான்? மண்ணு எங்க வீட்டுலயும்தான் கெடக்கு." நியாயமான கேள்விதான். நான் அந்தப் பையனைக் கூப்பிட்டு, கீழே கிடந்த இலைகளை வகை பிரிக்கச் சொன்னேன். வேம்பு, பூவரசு, புங்கன் என்று பிரித்தான். பெரிது சிறிது என்று அடுக்கினான். இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்தான். அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், சிரித்தார், தலையைத் தடவினார். எல்லாம் சரி. அடுத்த ஜூனில் அந்தப் பையன் மஞ்சள் வேனில் ஏறிவிட்டான். ஏ ஃபார் ஆப்பிள் சொல்லும் பிள்ளைதான் படிக்கிற பிள்ளை என்று ஊர் நம்புகிறபோது, ஒரு டீச்சரின் இலைக் கணக்கு அதை மாற்றிவிடாது. துறை சொன்னால் கொஞ்சம் மாறும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் தந்த பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. குறை சொல்ல முடியாத பெயர். செடியும் கொடியும் விலங்கும் அதில் உண்டு. ஆனால் அவற்றை நான் அட்டையில் காட்டினால் அது பாடமாகிறது, வாசலில் காட்டினால் நேரத்தை வீணடிப்பதாகிறது. ஆய்வுப் படிவத்தில் எடை உண்டு, உயரம் உண்டு, முட்டைக் கணக்கு உண்டு. 'பிள்ளைகள் இன்று எவ்வளவு நேரம் வெளியே இருந்தார்கள்?' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மற்றதை மேற்பார்வையாளர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்குப் பழக்கம், படிவத்தில் வரி இருந்தால் வேலை நடக்கும்.

காய்கறித் தோட்டம் பற்றி ஒரு வார்த்தை. மையங்களில் ஊட்டச்சத்துத் தோட்டம் போடச் சொன்னது மிக நல்ல உத்தரவு. நடந்தது என்னவென்றால், பாத்தி போட்டோம், போட்டோ எடுத்தோம், அனுப்பினோம், பிள்ளைகள் மிதித்துவிடுவார்கள் என்று வேலி கட்டி அவர்களை வெளியே நிறுத்திவிட்டோம். எங்கள் மையத்தில் ஒரு ஆடிப்பட்டத்துக்கு நான் அந்த வேலியை எடுத்தேன். ஆளுக்கு இரண்டு வெண்டை விதை, ஆளுக்கு ஒரு குச்சி அடையாளம். ஒரு பையன் தினமும் காலையில் வந்ததும் தன் விதையைத் தோண்டி எடுத்து, முளைத்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மறுபடி புதைப்பான். மற்றவர்களின் விதையெல்லாம் ஐந்தாம் நாள் தலைகாட்டிவிட்டது. இவனுடையது வரவே இல்லை. அவன் இல்லாத நேரம் நான் ரகசியமாக இன்னொரு விதை போட்டுவைத்தேன், அதையும் தோண்டிவிட்டான். மூன்றாவது விதையை ஆயா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தார். அது முளைத்தது. ஐம்பது நாள் கழித்து நாலு காய். சாம்பாரில் போட்டதும் வெண்டைக்காய் பிடிக்காத பிள்ளையெல்லாம் சாப்பிட்டது என்று எழுதத்தான் ஆசை. அந்தப் பையன் தொடவில்லை. ஒரு காயை மட்டும் சட்டைப்பைக்குள் வைத்து அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

இதெல்லாம் நடக்க ஆள் வேண்டும். மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். உதவியாளர் அடுப்படியில். பணியாளர் கையில் போன். போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் வருகைப் பதிவு, எடை, உயரம், இப்போது முகப்பதிவு வேறு. சிக்னல் கிடைக்கும் இடம் பார்த்துச் சுவரோரம் நிற்கும் டீச்சரால் முற்றத்தில் ஓடும் பிள்ளையைப் பார்க்க முடியாது. கண் பார்வையில் வைக்க முடியாதபோது கதவைச் சாத்தி உள்ளே வைப்பதுதான் பாதுகாப்பு. நானும் அதைத்தான் செய்திருப்பேன். 2025-ல் 7,783 பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தபோது சந்தோஷப்பட்டேன். அதோடு, காலையில் முதல் ஒன்றரை மணி நேரம் பணியாளரிடம் போன் வேலை எதுவும் கேட்பதில்லை என்று ஒரு வாய்மொழி உத்தரவு போட்டாலே போதும். வெயில் ஏறும் முன் இருக்கும் அந்த நேரம் பிள்ளைகளுக்குரியது.

சென்னை, கோவை போன்ற ஊர்களில் வாடகை வீட்டு ஒற்றை அறையில் மையம் நடத்தும் தோழிகள், "ஒனக்கு முற்றம் இருந்துச்சு, எங்களுக்கு மாடிப்படிதான் இருக்கு" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. நாலு சிமெண்ட் தொட்டியும் ஒரு மணல் தட்டும் தரலாம். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'அ' எழுதியதே மணலில்தானே. மாநகராட்சிப் பூங்காக்கள் பல பகலில் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்துவிடச் சொல்லி நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் மாநகராட்சி மறுக்காது என்றே நினைக்கிறேன்.

இனிப் பொறியாளர்களுக்கு. ஐயா, அம்மா, உங்கள் வரைபடத்தில் கட்டடத்துக்கு ஒரு கட்டம், கழிப்பறைக்கு ஒரு கட்டம், சமையலறைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஏற்கெனவே நிற்கும் மரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். வாசலிலிருந்து கைப்பம்பு வரை ஒரு நடைபாதைக்குக் கல் பதியுங்கள். மழைக்காலத்தில் வழுக்காமல் இருக்கும், எங்களுக்கும் அது வேண்டும். மீதி இடத்தைக் கல் இல்லாமல் விடுங்கள். பிள்ளை உயரத்துக்கு, இரண்டடியில், வெளியே ஒரு குழாய் வையுங்கள். மண்ணில் விளையாடிய கையை அங்கேயே கழுவிவிட்டு உள்ளே வரட்டும். மதிப்பீட்டில் இதனால் செலவு கூடாது, குறையத்தான் செய்யும். செலவு குறைகிற வேலையை யார் விரும்புவார்கள் என்று ஒரு ஒப்பந்ததாரர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

புதிதாக மரம் வைப்பதானால் பூவரசு, புங்கன், வேம்பு மூன்றில் ஒன்று போதும். முருங்கை வேண்டாம், கிளை சட்டென்று முறியும். பூவரசுக்குக் கன்றுகூட வாங்க வேண்டாம். போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டாலே வரும். அந்தச் சனிக்கிழமை மரத்தை வெட்டியபோது கை கனத்தில் ஒரு கிளையை வீட்டுக்கு இழுத்துவந்து கொல்லையில் நட்டேன். இப்போது கூரைக்கு மேல் போய்விட்டது. தெருப் பிள்ளைகள் இலை பறிக்க வருகிறார்கள்; பீப்பிச் சத்தத்தில் மதியம் தூங்க முடிவதில்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் அதிலிருந்து பத்துப் போத்து வெட்டலாம். எங்கள் மையத்துக்கும் பக்கத்து மையங்களுக்கும் நானே கொண்டுவந்து நட்டுத் தருகிறேன், வண்டிச் செலவு வேண்டாம். இப்போதுள்ள டீச்சரிடமும் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். நடுவதற்கு முற்றத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பேவர் பிளாக்கைப் பெயர்க்க வேண்டும். அரசுச் சொத்து என்பதால் கடப்பாரை வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி தேவை என்கிறார்கள். மழைக்கு முன் அந்த அனுமதியை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்